தோத்த கட்டிலும் ஜெயிச்ச வாளியும்

சங்கரன்கோவில் நகராட்சியில் எங்க வார்டுக்கு இதுவரைக்கும் நடந்த எந்த எலெக்சனையும் அரசாங்கம் நடத்தவில்லை. அத்தனையையும் நடத்தியது அண்டா அண்ணாச்சி. அரசாங்கம் பெட்டியையும் போலீசையும் அனுப்பி வைத்தது, அவ்வளவுதான்.

இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. நான் அஞ்சாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அடுத்தவன் தறியில் நூல் சுற்றிக் கொடுத்து, பிறகு தறி ஓட்டி, பிறகு ஒரு தறி வாங்கி, இன்றைக்கு இருபத்து நாலு விசைத்தறி எனக்குச் சொந்தமாக ஓடுகிறது. யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. அப்படி வந்தவன் கண்ணால் பார்க்காத ஒன்றைச் சொல்ல மாட்டான். அதுவும் போக, அந்த வார்டில் நானே ரெண்டு தடவை நின்றிருக்கிறேன். வார்டு நம்பரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்குக் காலையில் நாலு பேர் இந்தப் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் நிற்பார்கள்.

அண்டா அண்ணாச்சிக்குத் தெரு முக்கில் வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, துஷ்டி, நல்லது கெட்டது எதுவானாலும் அண்டா, குண்டான், கரண்டி, பெஞ்சு, ஜமுக்காளம் எல்லாம் அங்கே இருந்துதான் போகும். ஆளைப் பார்த்தால் அண்டா என்று சொல்ல மாட்டீர்கள். கரண்டிக் காம்புக்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி இருப்பார். பேர் கடையால் வந்தது. சொந்தப் பேர் என்ன என்று அவர் சம்சாரத்துக்காவது தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்தான்.

பாத்திரக் கடைக்கும் எலெக்சனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்க வார்டில் கட்சிச் சின்னம் எடுபடாது. மாமன், மச்சான், பக்கத்து வீடு, எதிர்த்த வீடு என்றுதான் ஓட்டு விழும். அதனால் நிற்பவன் எல்லாம் சுயேச்சை. சுயேச்சைக்கு ஆபீசர் ஒரு பட்டியலை நீட்டுவார். கட்டில், ஏணி, குடம், வாளி, நாற்காலி, தராசு என்று இருக்கும். அதைத் தாளில் அச்சடித்துக் காட்டினால் எங்க ஆட்களுக்கு நம்பிக்கை வராது. "சாமான எங்க?" என்று கேட்பார்கள். அசல் சாமானைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகவேண்டும். அசல் சாமான் அத்தனையும் இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்.

சின்னம் ஒதுக்குகிற அன்றைக்கு அண்ணாச்சி புதுத் துண்டு போட்டு உட்கார்ந்திருப்பார். வேட்பாளர்கள் வரிசையில் நிற்பார்கள்.

"ஆரு வே, கட்டிலா? உள்ள வாரும். ஏணி ஆரு? ஏணி அந்தச் சுவரோரமா நில்லும். தராசு இன்னைக்கு இல்ல, புளியங்குடி எலுமிச்சங்கா கமிஷன் கடைக்குப் போயிருக்கு. நாளைக்கு வாரும்."

அந்த நிமிஷத்தில் இருந்து வேட்பாளருக்குச் சொந்தப் பேர் கிடையாது. எலெக்சன் முடிந்து சாமான் திரும்பி வந்ததும் அண்ணாச்சி அதைக் கவிழ்த்துப் போட்டு, சிவப்பு பெயின்ட் தொட்டு அடியில் எழுதுவார். யார் நின்றார், எந்தத் தெரு ஓட்டுப் போட்டது, எந்தத் தெரு கையை விரித்தது, ஜெயித்ததா தோத்ததா, எல்லாம் அதில் இருக்கும். எங்க வார்டு சரித்திரம் நகராட்சி ஆபீசில் இல்லை. அந்தக் கடையில், கவிழ்த்துப் போட்ட சாமான்களின் அடியில் இருந்தது. தறி ஓடாத நாளில் நான் போய் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கதை கேட்பேன். எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதே அந்தக் கடையில்தான் ஊர்ஜிதமாச்சு.

கட்டில் கதையைக் கேளுங்கள். ரைஸ்மில்காரர் ஒருத்தருக்குக் கட்டில் சின்னம். சும்மா தூக்கிக்கொண்டு போனால் என்ன எடுப்பு இருக்கும் என்று அவர் அதில் படுத்துக்கொண்டார். நாலு பேர் தோளில் தூக்கினார்கள். முன்னால் ஒருத்தன் கொட்டு அடித்தான். தெருக்கோடியில் இருந்து பார்த்தவர்களுக்கு எப்படித் தெரியும்? பொம்பளைகள் வாசலுக்கு வந்து மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி வாசல் தெளிக்கத் தண்ணியும் கொண்டு வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ரைஸ்மில்காரர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, "அம்மா, உங்க ஓட்டு கட்டிலுக்கே" என்று கும்பிட்டார். மூணு பேர் மயக்கம் போட்டு விழுந்தார்கள். கட்டில் தோத்தது.

ஏணிக்காரர் வேற மாதிரி. முக்குக்கு முக்கு ஏணியைச் சாத்தி, மேலே ஏறி நின்று பேசுவார். ஒரு வீட்டு மொட்டை மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓட்டுக் கேட்க மாடிக்கே ஏறிவிட்டார். எதிராளி ஆட்கள் சத்தமில்லாமல் ஏணியை எடுத்துவிட்டார்கள். அந்த வீட்டுக்கு மாடிப்படி கிடையாது. அந்த அம்மாவோ பக்கத்து வீட்டு மாடி வழியாகப் போய்விட்டாள். மனுசன் அப்படித் தாண்டப் பயந்து சாயங்காலம் வரைக்கும் வத்தலுக்குக் காவல் இருந்தார். ஏணியும் தோத்தது. குடம் ஜெயித்தது. அதற்கு அடுத்து ஸ்டூல் தோத்தது, தண்ணி மொள்ளுகிற போணி ஜெயித்தது.

இதையெல்லாம் கவிழ்த்துப் பார்த்துப் பார்த்து அண்ணாச்சி ஒரு விதி கண்டுபிடித்திருந்தார்.

"காலு உள்ள சாமான் இந்த வார்டுல தோக்கும் வே. வாயி உள்ள சாமான் ஜெயிக்கும்."

"ஏன் அண்ணாச்சி அப்படி?"

"ஏன்னு எனக்கு எப்படித் தெரியும்? சூரியன் கிழக்க உதிக்குன்னா ஏன்னா கேக்கீரு?"

இந்த விதியால் அவர் தொழிலுக்கே இடைஞ்சல் வந்தது. பந்தல் போட ஏணி கேட்டு வந்தவர் அடியில் எழுத்தைப் பார்த்துவிட்டு, "தோத்த ஏணில ஏறிக் கட்டுன பந்தல்ல எம்மக தாலி கட்டிக்கிடணுமா? வேற ஏணி குடுங்க" என்பார். ஜெயித்த குடத்துக்கோ மூணு முகூர்த்தம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். "அழிச்சுப் போட்டாத்தான் என்ன அண்ணாச்சி?" என்று நானே கேட்டேன். "நடந்தத எப்படி வே அழிக்கது?" என்றார். ஏணி வெயிலில் கிடந்ததே தவிர எழுத்து அழியவில்லை.

ஒரு தடவை எங்க வார்டு பெண்கள் வார்டாச்சு. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற ஒருத்தர் வந்து வாளி வேண்டும் என்று கையை நீட்டினார்.

"வேட்பாளர் ஆரு வே?"

"எங்க வீட்டுல."

"அப்ப அவங்க வரட்டும்."

"நான்தான அண்ணாச்சி எல்லாம் பாக்கேன். அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"நீரு பாக்கீருன்னா உம்ம பேர்ல நில்லும். அவங்க பேர்ல நின்னா அவங்க வந்து வாங்கட்டும். மாப்பிள்ளைக்குப் பதிலா மாமனாரா வே மாலை மாத்திக்கிடுவாரு?"

மறுநாள் அந்த அம்மா வந்தாள். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். கழுத்தில் இஞ்சி டேப் தொங்கியது. வாளியை வாங்கினதும் தண்ணியை ஊற்றிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது அடில ஒழுகுது."

"தூக்கிக் காட்டத்தான தாயி கேட்டீக?"

"ஒழுகுத வாளியக் காட்டி ஓட்டுக் கேக்கவா? வேற குடுங்க."

அண்ணாச்சி எழுந்து நின்று நல்ல வாளியாகக் கொடுத்தார். ஒருத்தருக்கு மரியாதையாக அவர் எழுந்து நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்போது எங்க தெருக்களில் குழாயில் தண்ணி எப்ப வரும் என்று சாமிக்கே தெரியாது. அந்த அம்மா மேடை போடவில்லை. வீடு வீடாகப் போய்க் காலி வாளியைக் காட்டி, "இது எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டாள். அதோடு சரி. ஜெயித்துவிட்டாள். ஜெயித்ததும் புருசனை ஜவுளிக்கடைக்கு அனுப்பிவிட்டுத் தானே நகராட்சிக்குப் போனாள். வாளி அக்கா என்றால் இன்றைக்கும் தெரியாத ஆள் கிடையாது. எனக்கு எதிராளிதான். ஆனாலும் தண்ணி வந்தது வந்ததுதானே.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். எங்க வார்டு ஓட்டுகளை எண்ணும்போது ஒவ்வொரு எலெக்சனிலும் ஒரு சீட்டு வரும். அதில் எல்லாச் சின்னத்துக்கும் முத்திரை குத்தியிருக்கும். தெரியாமல் குத்தின மாதிரி இருக்காது. ஒவ்வொரு சின்னத்துக்கும் சரியாக ஒரு குத்து, நட்ட நடுவில், தபாலாபீஸ்காரர் குத்தின மாதிரி இருக்கும். செல்லாத ஓட்டு என்று தனியாக எடுத்து வைப்பார்கள். எத்தனை பேர் நின்றாலும் அத்தனை குத்து. ஒரு தடவை ஒன்பது பேர் நின்றார்கள், ஒன்பது குத்து.

யார் அந்த ஆள்? டீக்கடையில் வருசக்கணக்காக இதே பேச்சுத்தான்.

"கண்ணு தெரியாத ஆளா இருக்கும்."

"கண்ணு தெரியாதவனா நட்ட நடுவுல குத்துவான்? ஆபீசரே முத்திரை சரியா விழுதான்னு குத்திப் பாத்திருப்பாரு."

"பாதி சிவன் பாதி பெருமாள்னு ஒரே சாமியா நிக்கிற ஊரு இது. எவனோ ஒரு பக்திமான் எல்லாரையும் சேத்துக் கும்பிட்டிருக்கான்."

எனக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது. தறியில் ஒரு நூல் அறுந்தாலும் எங்கே அறுந்தது என்று பார்க்காமல் தூங்க மாட்டேன். அண்டா அண்ணாச்சியிடமே கேட்டேன். இவருக்குத் தெரியாமல் வார்டில் ஒன்று நடக்குமா? அவர் ஒரு குண்டானைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு எப்படி வே தெரியும்? ஓட்டு ரகசியம்லா?" என்றார்.

அடுத்த எலெக்சனில் வார்டு பொது வார்டாச்சு. நான் குதித்தேன். எதற்கு என்று கேட்டால், ஒரு காலத்தில் தெருவிளக்குக்காக மனுக் கொடுக்க நகராட்சிக்குப் போனபோது, கூட்டம் நடக்கிற அறை வாசலில் என்னை மூணு மணி நேரம் நிற்க வைத்தார்கள். உள்ளே எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கைநாட்டு என்று நினைத்து ஒருத்தன் மைப்பெட்டியை நீட்டினான். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்த அறைக்குள் ஒரு நாள் உறுப்பினராகப் போய் உட்கார வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஆனால் தறி வாங்கினபோது இருந்த ஆசையை விட அது பெரிசு.

அஞ்சு பேர் நின்றோம். வாளி அக்காவும் நின்றாள், அதே வாளியோடு. நான் ஜெயித்த குடத்தைக் கேட்டேன். இன்னும் ரெண்டு பேர் அதையே கேட்டார்கள். குலுக்கிப் போட்டதில் குடம் போச்சு. எனக்கு வந்தது நாற்காலி.

கடைக்குப் போனேன். அண்ணாச்சி நாற்காலியை எடுத்து வைத்தார். அதன் காலை ஒன்று, ரெண்டு, மூணு, நாலு என்று விரலால் தொட்டு எண்ணினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கட்டில் நினைப்பு அவருக்கும் வந்தது, எனக்கும் வந்தது.

"அண்ணாச்சி, நல்ல வார்த்தை ஒண்ணு சொல்லக்கூடாதா?"

"முதுகு சாய நல்லா இருக்கும் வே."

"ஜெயிக்குமான்னு கேக்கேன்."

அவர் நாற்காலியைத் துண்டால் துடைத்து, தலைகீழாகத் திருப்பி, காலெல்லாம் மேலே போகிற மாதிரி என் தலையில் வைத்தார். "காலு கீழ இருந்தாத்தான வே காலு? இப்படிப் பிடிச்சிக்கிட்டுப் போம்" என்றார். எனக்காக அவர் தன் விதியையே வளைத்துப் பார்த்தார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"அண்ணாச்சி ஓட்டு எனக்குத்தான?"

"ஆமா" என்றார். யோசிக்கவே இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்து போச்சு.

பதினஞ்சு நாள் தலைகீழ் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். வாளி அக்கா எதிரே வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, எந்த மண்டபத்துல விசேசம்? நாற்காலி கொண்டு போறதுக்கு வண்டி பிடிக்கக்கூடாதா?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். இருபத்து நாலு தறிக்காரன் சிரிக்காமல் இருந்தால் தோத்துப் போன மாதிரி ஆகிவிடும்.

ஓட்டுப் போடுகிற அன்றைக்கு, வேட்பாளர் என்ற முறையில் பள்ளிக்கூட அறைக்குள் நின்றுகொண்டிருந்தேன். ஆபீசர் சீட்டை வாங்கி ஒரு பேரைச் சத்தமாக வாசித்தார். அஞ்சு ஏஜெண்டும் ஒரே நேரத்தில் எழுந்து, "அப்படி ஒரு ஆளே எங்க வார்டுல கிடையாது சார், கள்ள ஓட்டு" என்றார்கள்.

கதவோரம் நின்ற அண்டா அண்ணாச்சி, "நான்தாம்லே அது" என்றார்.

"அண்ணாச்சி, உங்களுக்குப் பேரெல்லாம் இருக்கா?" என்று என் ஏஜெண்டே வாயைப் பிளந்தான்.

விரலில் மை வைத்துச் சீட்டைக் கொடுத்தார்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார். இப்போது என் காதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபத்து நாலு தறியும் ஓடுகிற ஷெட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, பதினேழாம் தறியில் சத்தம் பிசகுது என்று சொல்லுகிற காது இது. மறைப்புக்குப் பின்னால் மைப்பெட்டியில் ஒரு தட்டு, மேசையில் ஒரு குத்து விழுந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். மறுபடி ஒரு தட்டு, ஒரு குத்து. தட்டு, குத்து. தட்டு, குத்து. தட்டு, குத்து. மொத்தம் அஞ்சு குத்து. அண்ணாச்சி வெளியே வந்து, சீட்டை ஒழுங்காக மடித்துப் பெட்டியில் போட்டு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

இத்தனை வருசமாக நான் தேடின ஆள்! சந்தோசப்படுவதா, கோபப்படுவதா? ஒரு ஓட்டுத்தானே, நான்தான் எப்படியும் இருநூறு ஓட்டில் ஜெயிக்கப் போகிறேனே என்று விட்டுவிட்டேன்.

எண்ணினார்கள். எனக்கும் வாளி அக்காவுக்கும் ஒரே எண்ணிக்கை. மூணு தடவை எண்ணினார்கள், மூணு தடவையும் சமம். நடுவில் தனியாக அந்தச் சீட்டு கிடந்தது. நான் பாய்ந்தேன்.

"சார், இதுல எனக்குக் குத்தியிருக்கில்ல? எனக்கு எண்ணுங்க."

"எனக்குந்தான் குத்தியிருக்கு" என்றாள் வாளி அக்கா.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செல்லாது. செல்லும்னே வச்சுக்கிட்டாலும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு ஒண்ணு கூடும். மறுபடியும் சமம்தான். பேசாம உக்காருங்க" என்றார். படித்தவர் படித்தவர்தான்.

வெளியே ரெண்டு பக்கத்து ஆட்களும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். "எவம்லே அது? இந்த ஒத்த ஓட்டு ஒழுங்கா விழுந்திருந்தா இன்னேரம் மாலை போட்டிருக்கலாம்லா?" என் ஏஜெண்ட் தறி மெக்கானிக். கையில் ஸ்பேனரோடு, "ஆளு மட்டும் தெரியட்டும், வீடு கடை எல்லாத்தையும் பிரிச்சு மேஞ்சிருதேன்" என்று குதித்தான். அந்தப் பக்கத்து ஆட்களும் அதையேதான் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான்.

வாளி அக்கா என்னையே பார்த்தாள். "அண்ணாச்சி, உங்க முழியே சரியில்லையே. உங்களுக்கு ஆளு தெரியுமா?"

நாக்கு நுனியில் பேர் நின்றது. சொன்னால் என் ஆத்திரம் தீரும். கூடவே ஒரு கடையும் தீரும்.

"எனக்கு எப்படித் தெரியும்? ஓட்டு ரகசியம்லா?" என்றேன்.

ரெண்டு பேர் பேரையும் எழுதிக் குலுக்கிப் போட ஆபீசர் ஒரு பாத்திரம் கேட்டார். பாத்திரம் என்றால் யாரைக் கூப்பிடுவார்கள்? அண்டா அண்ணாச்சியையே கூட்டி வந்தார்கள். அவர் ஒரு குடத்தோடு வந்தார். "குடம் ஜெயிச்ச சாமான், வாயுள்ள சாமான், வாளிக்குச் சாதகம்" என்று என் ஆட்கள் மறுத்தார்கள். ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டுக் குலுக்கலாம் என்றான் ஒருத்தன். அதற்கு அந்தப் பக்கம் மறுத்தது. எந்த எலெக்சனிலும் நிற்காத பாத்திரம் ஒன்று வேண்டும். அந்தக் கடையில் அப்படி ஒன்று ஏது? கடைசியில் அண்ணாச்சி தன்னுடைய சாப்பாட்டுத் தூக்குச்சட்டியைக் கழுவிக் கொண்டு வந்தார். மத்தியானம் அதில்தான் புளிக்குழம்புச் சோறு தின்றிருக்கிறார். கழுவினது அவசரத்தில்.

சீட்டைப் போட்டுக் குலுக்கினார்கள். போலீஸ்காரர் கையை விட்டு ஒன்றை எடுத்தார். வாளி!

ஆபீசர் இன்னொரு சீட்டையும் எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்று சட்டியைக் கவிழ்த்தார். விழவில்லை. தட்டினார். விழவில்லை. என் பேர் சட்டி அடியில் குழம்பில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றுவிட்டது. அந்தப் போலீஸ்காரர் கையில் அது எப்படி அகப்படும்? சொல்லுங்கள்.

அண்ணாச்சி என்னை ஓட்டிலும் கவிழ்த்தார், சட்டியிலும் கவிழ்த்தார். மறுநாள் விடிந்ததும் கடைக்குப் போனேன். வந்த கோபத்துக்கு வேட்டியை மடித்துக்கூடக் கட்டவில்லை.

"அஞ்சு குத்து கேட்டுது அண்ணாச்சி. என் காது பொய் சொல்லாது."

அவர் மறுக்கவில்லை. பெஞ்சைத் தட்டிவிட்டு, "இப்படி உக்காரும்" என்றார்.

"சாமான் எடுக்க வாரவன் எல்லாம் 'ஓட்டு எனக்குத்தான'ன்னு கேக்கான் வே. முகத்தப் பாத்துக் கேக்கையில இல்லன்னு சொல்ல எனக்கு வாயி வராது. ஆமான்னு சொல்லிருதேன். சொன்னது சொன்னதுதான? எல்லாருக்கும் சொன்னேன், எல்லாருக்கும் குத்துனேன். எவனாவது வந்து, நீரு எனக்குக் குத்தலன்னு சொல்ல முடியுமா?"

"செல்லாம போயிருதே அண்ணாச்சி!"

"செல்லுதது செல்லாதது ஆபீசர் பாடு. குத்துதது என் பாடு."

"இத்தனை எலெக்சன் கதையும் எழுதி வச்சிருக்கீங்க. உங்க ஓட்டு ஒண்ணுகூட எண்ணுனதில்லையே?"

அதற்கு அவர் லேசாகச் சிரித்தார். "எண்ணுன ஓட்டையெல்லாம் கட்டுக் கட்டா ரப்பர் பேண்டு போட்டு மூலையில வச்சிட்டான். என் சீட்ட மட்டும்தான வே வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு அத்தனை பேரும் பாத்தாங்க?"

நான் சண்டை போடப் போனவன். அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த எலெக்சனில் சீட்டுப் போய் மெஷின் வந்தது. தெரு முக்கில் மேசை போட்டு எப்படி அமுக்குவது என்று செய்து காட்டினார்கள். அண்ணாச்சி முதல் பட்டனை அமுக்கினார். 'பீ' என்று கத்தியது. ரெண்டாவதை அமுக்கினார். சத்தம் இல்லை. மூணாவது, நாலாவது, எதுவும் அசையவில்லை.

"அடுத்தத எப்ப சார் அமுக்க?"

"ஒண்ணுதான் பெரியவரே."

"அப்ப மத்தவங்களுக்கு?"

"மத்தவங்களுக்கு மத்தவங்க அமுக்குவாங்க."

அண்ணாச்சி முகம் சுண்டிப் போச்சு. மறுநாள் கடையில் சிவப்பு பெயின்டில் ஒரு அட்டை தொங்கியது. 'சாமான் உண்டு. ஓட்டுக் கேட்கக் கூடாது.' வேட்பாளன் எவன் போர்டை வாசிக்கிறான்? வந்தவன் எல்லாம் கேட்டான். அவர் "பாக்கலாம்" என்றார். வாழ்க்கையில் அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததே கிடையாது. ஒவ்வொரு 'பாக்கலாமு'க்கும் ஒரு சுற்று மெலிந்தார். கரண்டிக் காம்பில் மெலிய என்ன இருக்கிறது?

நான் மறுபடி நின்றேன். குலுக்கலில் தோத்தவன் விடுவேனா? சாமானுக்கு என் ஏஜெண்டை அனுப்பிவிட்டேன். போன தடவை ஒத்த ஓட்டு இல்லாமல் போன வார்டு என்பதால் ஒரு வீட்டையும் விடவில்லை. சீக்காளி, குடிகாரன், என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவன், எல்லார் காலிலும் விழுந்தேன். அண்ணாச்சி தெருவுக்குப் போனபோது மட்டும் அவர் வாசல் வரை போய், அதைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். என் ஆட்கள் முறைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் அவரே தறி ஷெட்டுக்கு வந்துவிட்டார். தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"என்ன வே, தெருவே பாக்க என் வாசலத் தாண்டிப் போறீரு? நான் செத்தா போயிட்டேன்? லிஸ்ட்ல எம்பேரு இல்லையா?"

தறியை நிறுத்தச் சொன்னேன்.

"வந்தா கேப்பேன் அண்ணாச்சி. கேட்டா நீங்க ஒண்ணு சொல்லணும். எதுக்கு உங்களுக்கு அந்தச் சங்கடம்? ஒரு வேட்பாளனாவது கேக்காம இருக்கட்டும்."

நிறுத்தின தறியில் கிடந்த சேலைக் கரையை அவர் கையால் தடவினார். காப்பி வந்தது, குடித்தார். "சீனி கம்மி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஓட்டு அன்றைக்கு நான் அறைக்குள் நின்றேன். அண்ணாச்சி மறைப்புக்குப் பின்னால் போனார். வெகு நேரம் சத்தமே இல்லை. ஆபீசர் எட்டிப் பார்க்கப் போனார். அப்போது 'பீ' என்று நீளமாக ஒரே ஒரு சத்தம். வெளியே வந்தார். பொதுக் கும்பிடு போடவில்லை. யாரையும் பார்க்காமல், தலையைக் குனிந்து, விறுவிறு என்று போய்விட்டார்.

அந்தத் தடவை குலுக்கலுக்கு வேலை இல்லை. வாளி அக்கா நன்றாகவே ஜெயித்தாள்.

இப்போது மறுபடியும் எலெக்சன் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. அண்ணாச்சிக்கு எண்பது தாண்டியாச்சு, நடை மட்டும் தளரவில்லை. தினம் சாயங்காலம் நான் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வருகிறேன். அந்த ஒரு சத்தம் யாருக்கு விழுந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு நாக்கு அரிக்கிறது. கேட்டால் சொல்லிவிடுவார், மனுசனுக்குப் பொய் வராது. இந்த வார்டு என்னை வேண்டாம் என்று ரெண்டு தடவை சொல்லியிருக்கிறது. ரெண்டு தடவையும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவர் ஒருத்தர் அப்படிச் சொன்னால் எனக்குத் தாங்காது. அதனால் கேட்கவில்லை.